வானின் வாயில்கள்

நுழையும்முன்

மனிதன் பறக்கத் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், யார் பறக்கலாம் என்னும் வினாவிற்கு விடை காண மனிதனுக்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பினப் பெண்கள் படைத்துறை விமானிகளான வரலாறு அத்தகைய நெடிய காத்திருப்பின் வரலாறாகும். நிறத்தின் பெயரால் அடைபட்ட கதவு ஒன்று. பெண் என்பதால் அடைபட்ட கதவு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருசேரத் தட்டியவர்களைப் பற்றியது இப்பாடம்.

பருத்திக் காட்டுச் சிறுமி

டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த அட்லாண்டா என்னும் சிற்றூரில் 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் பிறந்தவர் பெஸ்ஸி கோல்மன். பதின்மூன்று பிள்ளைகளுள் பத்தாமவர். இவருடைய குடும்பம் பின்னர் வாக்ஸஹாச்சி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஓரறைப் பள்ளிக்கு அச்சிறுமி நாள்தோறும் நான்கு கல் தொலைவு நடந்து சென்றாள். பருத்தி வெடிக்கும் பருவத்தில் பள்ளிப் படிப்பு நின்றுபோகும். குடும்பம் முழுவதும் காட்டில் இறங்கிப் பஞ்சு பறிக்கும். அவள் கணக்கில் கெட்டிக்காரி. சேர்த்து வைத்த சிறு பணத்தைக் கொண்டு ஓக்லஹாமா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு பருவம் முடிந்ததும் பணம் தீர்ந்துபோயிற்று.

1915ஆம் ஆண்டில் கோல்மன் சிகாகோ நகருக்கு வந்தார். முடிதிருத்தகம் ஒன்றில் வாடிக்கையாளர்களின் நகங்களைச் செப்பனிடும் வேலை கிடைத்தது. முதல் உலகப்போர் முடிந்து பிரான்சிலிருந்து திரும்பிய வீரர்கள் அங்கு வந்தமர்ந்து போர்க்கதைகளைச் சொல்வார்கள். அவருடைய அண்ணன் ஜானும் அப்போரில் பணியாற்றித் திரும்பியவர். பிரெஞ்சு நாட்டுப் பெண்கள் வானூர்தி ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா எனத் தங்கையை அவர் கேலி செய்தார். அக்கேலியே தங்கையின் வாழ்க்கையைத் திருப்பியது. அண்ணன்மார் கேலி எல்லா வீடுகளிலும் நிகழ்வதுதான். அதற்கு இப்படியொரு விடை கிடைப்பதுதான் அரிது.

அமெரிக்காவிலிருந்த பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பின விமானிகளும் கற்றுத்தர முன்வரவில்லை. 'சிகாகோ டிஃபெண்டர்' இதழின் உரிமையாளர் ராபர்ட் அபட், பிரான்சுக்குச் செல்லுமாறு அறிவுரை கூறினார். கோல்மன் இரவு நேரங்களில் பிரெஞ்சு மொழி பயின்றார். 1920 நவம்பரில் கப்பலேறினார். வடபிரான்சின் கடலோரத்தில் லெ க்ரோத்வா என்னும் ஊரில் கோத்ரோன் உடன்பிறந்தார் நடத்திவந்த பள்ளியில் பயிற்சி பெற்றார். அவர் பழகிய 'நியூபோர்ட்' ஈரடுக்கு இறக்கை வானூர்தி மரச்சட்டமும் துணியும் கொண்டு கட்டப்பட்டது. உடன்பயின்ற ஒருவர் விபத்தில் இறந்ததைக் கண்முன்னே கண்ட பின்னரும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. 1921ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் உரிமம் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வுரிமத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

ஒரே வாயில்

நாடு திரும்பிய கோல்மனுக்கு விமானி வேலை எங்கும் காத்திருக்கவில்லை. வான்சாகசம் புரிந்து காட்டுவது ஒன்றே பிழைப்புக்குரிய வழியாக இருந்தது. ஆகவே மீண்டும் ஐரோப்பா சென்று சாகசப் பறத்தலையும் கற்றுவந்தார். 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் நியூயார்க் அருகே லாங் ஐலாண்டில் அவர் நிகழ்த்திய முதற்காட்சி, 369ஆம் காலாட்படைப் பிரிவின் வீரர்களைப் போற்றுவதற்காக ஏற்பாடு செய்யப்பட்டது. அப்பிரிவு கறுப்பின வீரர்களால் ஆனது. முதல் உலகப்போரில் அவர்களைத் தன் வீரர்களோடு இணைத்துக்கொள்ள மனமில்லாத அமெரிக்கப் படைத்தலைமை, அவர்களைப் பிரெஞ்சுப் படையின்கீழ்ப் போரிட அனுப்பிவைத்தது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்த வீரர்களும் வானில் பறந்த பெண்ணும், தம் நாடு மறுத்த வாய்ப்பை அயல்நாடு ஒன்றிடம் பெற்றவர்கள்.

கோல்மன் காட்சிகளில் ஈட்டிய பணத்தைச் சேர்த்தது கறுப்பின இளைஞர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்குவதற்காக. தாம் வளர்ந்த வாக்ஸஹாச்சியில் காட்சி நிகழ்த்த அழைப்பு வந்தபோது அவர் ஒரு நிபந்தனை விதித்தார். வெள்ளையருக்கு ஒரு வாயில், கறுப்பினத்தாருக்கு வேறு வாயில் என்று இருக்குமானால் தாம் பறக்கப்போவதில்லை என்பதே அது. ஏற்பாட்டாளர்கள் இணங்கினர். எல்லாரும் ஒரே வாயிலின் வழியாக நுழைந்தனர். ஆனால், உள்ளே இருக்கைகள் நிறத்திற்கேற்பப் பிரிக்கப்பட்டே இருந்தன. இந்த நிகழ்ச்சியைப் பாதி வெற்றி என்பதா, பாதித் தோல்வி என்பதா? பின்வந்த எண்பது ஆண்டு வரலாற்றைப் படிப்போர் இவ்வாயிலைப் பலமுறை நினைத்துக்கொள்ள நேரும்.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் மறுநாள் காட்சிக்கான ஒத்திகை நடந்தது. பழைய வானூர்தியை அவருடைய பொறிவல்லுநர் ஓட்டினார். வான்குடை கொண்டு குதிப்பதற்கு ஏற்ற இடத்தைக் காணும்பொருட்டு கோல்மன் இருக்கைவாரை அணியாமல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்கும் பகுதியில் திருகுசாவி ஒன்று சிக்கிக்கொள்ள, வானூர்தி நிலைகுலைந்து தலைகீழாயிற்று. கோல்மன் தூக்கி எறியப்பட்டு இறந்தார். வானூர்தி வீழ்ந்து ஓட்டியவரும் இறந்தார். முப்பத்து நான்கு வயதில் முடிந்துபோன அவருடைய பள்ளிக்கனவு நிறைவேறவில்லை.

தெரிந்து தெளிவோம்

1931ஆம் ஆண்டு முதல் சிகாகோவின் கறுப்பின விமானிகள் ஆண்டுதோறும் பெஸ்ஸி கோல்மனின் கல்லறைக்கு மேலாகப் பறந்து மலர்களைத் தூவத் தொடங்கினர். 1992ஆம் ஆண்டு செப்டம்பரில் 'எண்டெவர்' விண்ணோடத்தில் பயணம் செய்து, விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் என்னும் சிறப்பைப் பெற்ற மே ஜெமிசன், கோல்மனின் படத்தைத் தம்முடன் எடுத்துச் சென்றார்.

சிகாகோவின் வான்பள்ளி

கோல்மன் விட்டுச்சென்ற பணியைச் சிகாகோவில் தொடர்ந்தவர்களுள் வில்லா பிரவுன், ஜேனட் பிராக் ஆகிய இருவர் குறிப்பிடத்தக்கவர்.

வில்லா பிரவுன் ஆசிரியராக இருந்தவர். 1936ஆம் ஆண்டில் ஒருநாள், வெண்ணிறப் பறத்தல் உடையும் உயர்காலணியும் அணிந்து 'சிகாகோ டிஃபெண்டர்' அலுவலகத்திற்குள் அவர் நுழைந்தார். தட்டச்சுப்பொறிகளின் ஒலி அடங்கிப் போயிற்றாம். கறுப்பின விமானிகள் நடத்தவிருந்த காட்சியைப் பற்றிச் செய்தி வெளியிட வேண்டும் என்று கேட்கவே அவர் வந்திருந்தார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்க மண்ணிலேயே விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். கார்னீலியஸ் காஃபி என்பவருடன் இணைந்து வான்பயிற்சிப் பள்ளி ஒன்றையும் நடத்தினார்.

அக்காலத்தில் அமெரிக்கப் படையின் வான்பிரிவில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை. நவீனப் போர்க்கருவிகளைக் கையாளும் அறிவும் துணிவும் கறுப்பினத்தாரிடம் இல்லை எனப் படைக் கல்லூரி ஒன்று 1925ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதி வைத்திருந்தது. அவ்வறிக்கை எழுதப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கோல்மன் உரிமம் பெற்றுவிட்டார் என்பதை அறிக்கையாளர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

இந்நிலையை மாற்ற, பிரவுனும் அவருடைய தோழர்களும் தேசிய விமானிகள் சங்கம் ஒன்றை அமைத்தனர். அச்சங்கத்தின் சார்பில் 1939ஆம் ஆண்டு மே மாதம் டேல் வைட், சான்சி ஸ்பென்சர் என்னும் இருவர் பழைய வானூர்தி ஒன்றில் சிகாகோவிலிருந்து தலைநகர் வாஷிங்டனுக்குப் பறந்தனர். அங்கே மிசௌரி மாநிலத்தின் மேலவை உறுப்பினர் ஒருவர் அவர்களைச் சந்தித்து, வானூர்தியை நேரில் வந்து பார்த்தார். அவர் பெயர் ஹாரி ட்ரூமன். இப்பெயரை மாணவர்கள் நினைவில் கொள்க. சற்றுப் பின்னர் மீண்டும் வரும்.

குடிமக்களுக்கு அரசு செலவில் விமானப் பயிற்சி அளிக்கும் திட்டத்தில் கறுப்பின மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். காஃபி பள்ளியும் அப்பயிற்சியை நடத்தியது. அங்குப் பயின்றோருட் பலர், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீயில் கறுப்பினத்தாருக்கெனத் தனியே அமைந்த படைப்பயிற்சிக் களத்திற்குச் சென்றனர். 1941 முதல் 1946 வரை அக்களத்தில் 992 விமானிகள் தேறினர். அனைவரும் ஆண்கள். அவர்களுட் சிலருக்குக் கற்றுக்கொடுத்த பிரவுன் படைவிமானத்தில் ஏற வழியில்லை. 1942ஆம் ஆண்டில் குடிசார் வான்காவற் பிரிவில் அவருக்கு அதிகாரி நிலை கிட்டியது. அப்பிரிவில் அந்நிலையை எய்திய முதல் கறுப்பினத்தவர் அவர்.

தேர்வாளரின் கை

ஜேனட் பிராக் ஒரு செவிலியர். தம் ஊதியத்திலிருந்து அறுநூறு டாலர் கொடுத்து வானூர்தி ஒன்றை வாங்கினார். வெள்ளையரின் ஓடுதளங்களைப் பயன்படுத்த இசைவு கிடைக்காததால், ராபின்ஸ் என்னும் ஊரில் அவரும் தோழர்களும் தாங்களே நிலத்தைச் சமன்செய்து ஓடுதளம் அமைத்தனர்.

இரண்டாம் உலகப்போரின்போது ஆண் விமானிகள் போர்முனைக்குச் செல்ல, உள்நாட்டுப் பணிகளுக்கு ஆள் குறைந்தது. தொழிற்சாலையிலிருந்து தளத்திற்குப் புதிய வானூர்திகளைக் கொண்டு சேர்த்தல், பீரங்கிப் பயிற்சிக்காக இலக்குத்துணியை வானில் இழுத்துச் செல்லுதல் முதலிய பணிகளுக்கெனப் பெண் விமானிகள் படைச்சேவை 1943ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இருபத்தையாயிரத்திற்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1074 பேர் பயிற்சியை முடித்தனர். 38 பேர் பணியில் உயிர்நீத்தனர். சீன வழிவந்த பெண்கள் இருவர் அதில் இடம்பெற்றனர். கறுப்பினப் பெண் ஒருவர்கூட இடம்பெறவில்லை.

விண்ணப்பித்தவர்களுள் பிராக்கும் ஒருவர். நேர்காணலுக்கு வந்த அவரைக் கண்டதும் நேர்காணல் செய்தவருக்கு வியப்பு. எழுத்தில் இருந்த விண்ணப்பம் நிறத்தைக் காட்டவில்லை அல்லவா? நிறமே காரணமாக அவர் மறுக்கப்பட்டார். செவிலியர் படைக்கு விண்ணப்பித்தார். கறுப்பினச் செவிலியருக்கான இடங்கள் நிரம்பிவிட்டன என விடை வந்தது. போர் நடக்கும் காலத்தில், ஆள் வேண்டுமென்று அரசு சுவரொட்டி ஒட்டிய காலத்தில், பயிற்சி பெற்ற செவிலியரும் விமானியுமான ஒருவர் இரு துறைகளாலும் திருப்பி அனுப்பப்பட்டார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. வணிக விமானி உரிமத்திற்காக டஸ்கீகீக்குச் சென்றார். எழுத்துத் தேர்வில் தேறினார். பறத்தல் தேர்வில் தேர்வாளர் சொன்ன அனைத்தையும் செய்து காட்டினார். தரையிறங்கியபின் தேர்வாளர், இவர் எந்தப் பயிற்றுநருக்கும் இளைத்தவர் அல்லர் என்று ஒப்புக்கொண்டார். கறுப்பினப் பெண் எவருக்கும் தாம் இதுவரை அவ்வுரிமம் கொடுத்ததில்லை, இனியும் கொடுக்கப்போவதில்லை என்றும் அதே மூச்சில் கூறினார். இங்கே சட்டம் குறுக்கே நிற்கவில்லை, திறமைக்குறைவும் இல்லை. கையொப்பமிட வேண்டிய ஒரு கை மறுத்தது. பிராக் சிகாகோவுக்குத் திரும்பினார். அங்கே மீண்டும் தேர்வெழுதி, அதே உரிமத்தைப் பெற்றார். வானூர்தியும் விதியும் அவருடைய திறமும் மாறவில்லை. தேர்வாளர் மட்டுமே மாறியிருந்தார்.

இரண்டு சட்டங்கள், ஓர் இடைவெளி

1948ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள், படைத்துறையில் இனப்பாகுபாடு கூடாது என்னும் ஆணையில் குடியரசுத்தலைவர் கையொப்பமிட்டார். அவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பழைய வானூர்தியைச் சுற்றிப் பார்த்த அதே ஹாரி ட்ரூமன். இதற்கு ஆறு வாரங்களுக்கு முன், சூன் 12ஆம் நாள், பெண்கள் படைத்துறையில் நிலையான உறுப்பினராகலாம் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது.

ஒரே கோடையில் இரு கதவுகளும் திறந்தன என்றே மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மை வேறு. பெண்களுக்கான சட்டம் அவர்களின் எண்ணிக்கையைப் படையில் இரண்டு விழுக்காட்டிற்குள் நிறுத்தியது. போர்ப்பணியில் ஈடுபடும் வானூர்திகளிலிருந்து அவர்களை விலக்கியது. இனப்பாகுபாட்டை நீக்கிய ஆணை, பாலினத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கறுப்பின ஆணுக்கு ஒரு வழி திறந்தது. வெள்ளையினப் பெண்ணுக்கு ஒரு குறுகிய வழி திறந்தது. கறுப்பினப் பெண் இரண்டிற்கும் நடுவிலேயே நின்றாள்.

அமெரிக்கக் கடற்படையும் தரைப்படையும் 1974ஆம் ஆண்டில்தான் பெண்களுக்கு விமானிச் சிறகுச்சின்னத்தை வழங்கின. வான்படையின் முதற் பெண் விமானிகள் 1977இல் தேறினர். அம்முதல் வரிசைகளில் கறுப்பினப் பெண்கள் இல்லை. 1979ஆம் ஆண்டு நவம்பரில், அலபாமா மாநிலத்தின் ரக்கர் கோட்டையில் ஹெலிகாப்டர் பயிற்சியை முடித்த மார்செல்லா ஹேய்ஸ், அமெரிக்கப் படைத்துறையின் முதல் கறுப்பினப் பெண் விமானியானார். ட்ரூமனின் ஆணைக்கும் இந்நாளுக்கும் இடையே முப்பத்தோராண்டு. அவர் சிறகுச்சின்னம் பெற்ற இடம், ஜேனட் பிராக்கின் உரிமத்தில் கையொப்பமிட ஒரு கை மறுத்த அதே மாநிலத்தில் இருந்தது.

அடுத்த ஆண்டு சூன் மாதம் பிரெண்டா ராபின்சன் கடற்படை விமானியானார். 1982ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் டெக்சாஸின் லாஃப்லின் தளத்தில் தெரசா கிளெய்போர்ன் தேறி, வான்படையின் முதல் கறுப்பினப் பெண் விமானி ஆனார். பறக்கும்போதே பிற வானூர்திகளுக்கு எரிபொருள் நிரப்பும் பெரிய வானூர்தியை ஓட்டுவது அவருடைய பணி. போர் விமானங்கள் அவருக்கு அப்போதும் மூடியே இருந்தன. வாக்ஸஹாச்சியின் வாயில் இங்கும் தெரிகிறது: உள்ளே நுழையலாம், இருக்கை வேறு.

போர் விமானத்தில்

அந்தப் பிரிவினை 1993ஆம் ஆண்டு ஏப்ரலில் நீங்கியது. போர் விமானங்களில் பெண்கள் பணியாற்றலாம் எனப் பாதுகாப்புத்துறை அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியானபோது கொலராடோ மாநிலத்தில் ஷானா கிம்ப்ரெல் என்னும் பதினாறு, பதினேழு வயதுப் பெண் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். இவருடைய பெற்றோர் தென்னமெரிக்காவின் கயானா நாட்டிலிருந்து குடியேறியவர்கள். பத்து வயது நிரம்பும் முன்னரே, போர் விமானம் ஓட்டுவேன் என்று அவர் முடிவு செய்திருந்தார். அப்போது அவ்வேலையைச் செய்யச் சட்டம் எந்தப் பெண்ணையும் விட்டிருக்கவில்லை என்பது அச்சிறுமிக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. வான்படைக் கழகத்தில் பயின்று 1998இல் பட்டம் பெற்ற அவர், எஃப்-16 விமானத்தை ஓட்டி, அமெரிக்க வான்படையின் முதல் கறுப்பினப் பெண் போர் விமானி என அறியப்பட்டார். ஈராக்கின் வடபகுதி வான்காவலிலும் பணியாற்றினார்.

மரைன் படைப்பிரிவைச் சேர்ந்த வெர்னிஸ் ஆர்மர் அதற்கு முன் நாஷ்வில் நகரக் காவல்துறையில் பணிபுரிந்தவர். 2003ஆம் ஆண்டில் ஈராக் போரில் 'சூப்பர் கோப்ரா' என்னும் தாக்குதல் ஹெலிகாப்டரை ஓட்டினார். கடற்படையின் தாக்குதல் ஜெட் விமானப் பிரிவில் மாற்றம் இன்னும் மெதுவாக வந்தது. 2020ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், டெக்சாஸின் கிங்ஸ்வில் தளத்தில் மேடலின் ஸ்வீகில் தங்கச் சிறகுச்சின்னத்தைப் பெற்றார். அப்பிரிவின் முதல் கறுப்பினப் பெண் விமானி அவர். கடற்படை முதற்பெண் விமானிகளைத் தேர்ந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 'முதல்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நாம் கைதட்டுகிறோம். அச்சொல் எத்தனை ஆண்டுகள் தாமதமாக வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இருக்கையும் தலைக்கவசமும்

சட்டத்தில் தடை நீங்கிய பின்னரும் எஞ்சியிருந்த தடை ஒன்று பலர் கண்ணில் படவில்லை. அது விமானியறையின் அமைப்பிலேயே இருந்தது. கால்மிதியை எட்டுதல், கருவிப்பலகைக்கு மேலாக வெளியே காணுதல், ஆபத்தில் இருக்கையோடு வெளியேறுதல் ஆகிய அனைத்தும் விமானியின் உடலளவைப் பொறுத்தவை. அமெரிக்க வான்படையின் பெரும்பாலான விமானங்கள், 1967ஆம் ஆண்டில் ஆண் விமானிகளிடம் எடுக்கப்பட்ட உடலளவுகளைக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. ஏறத்தாழ 163 சென்டிமீட்டர் முதல் 196 சென்டிமீட்டர் வரை உயரமுள்ளவரே விமானியாகலாம் என்பது விதி. இருபது முதல் இருபத்தொன்பது வயதுக்குட்பட்ட அமெரிக்கப் பெண்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இவ்வொரு வரியால் விலக்கப்பட்டனர். சிறப்பு விலக்கு கேட்டுப் பெறலாம் என்றாலும், விதியைப் படித்தவுடனே ஒதுங்கிக்கொண்டவர்களைக் கணக்கிட எவராலும் இயலாது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்விதி நீக்கப்பட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்து, ஏற்ற விமானத்திற்கு அனுப்பும் முறை வந்தது.

கூந்தலும் ஒரு தடையாக இருந்தது என்றால் மாணவர்கள் நகைக்கக்கூடும். இறுகக் கட்டிய கொண்டையின்மேல் தலைக்கவசம் சரியாக அமராது. சுருண்டு அடர்ந்த கூந்தலை நாள்தோறும் இழுத்துக் கட்டுவதால் தலைவலியும் முடியுதிர்வும் உண்டாகின்றன எனப் பெண்கள் முறையிட்டுவந்தனர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒற்றைப்பின்னல், இரட்டைப்பின்னல், குதிரைவால் முடிப்பு ஆகியவற்றை அமெரிக்க வான்படை ஏற்றுக்கொண்டது. பின்னலுக்கு இசைவு அளிக்க ஒரு வல்லரசின் வான்படைக்கு எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

தெரசா கிளெய்போர்ன் படைப்பணிக்குப் பின் பயணியர் விமானங்களை ஓட்டினார். கறுப்பினப் பெண் விமானிகளுக்கென ஓர் அமைப்பைத் தோழியருடன் நிறுவி, பயிற்சிக்குப் பணமின்றித் தவிக்கும் இளம்பெண்களுக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தார். பெஸ்ஸி கோல்மன் ஓக்லஹாமாவில் படிப்பை விட்டது பணமின்மையால்தான் என்பதை அவ்வமைப்பினர் அறிவர். 2024ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், லிஸ்பன் நகரிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூவார்க் நிலையத்தில் விமானத்தை இறக்கி, கிளெய்போர்ன் ஓய்வுபெற்றார்.

கற்பவை கற்றபின்

வாக்ஸஹாச்சியில் கோல்மன் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டை ஏற்றிருக்கலாமா, மறுத்திருக்க வேண்டுமா என்பது குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

உங்கள் பள்ளியிலோ ஊரிலோ ஒருவகை உடலளவினரை மட்டும் மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட பொருள் அல்லது இடம் ஒன்றைக் கண்டறிந்து, அதனால் விலக்கப்படுவோர் யாவர் என ஒரு பக்க அளவில் எழுதுக.